கடிதம் எழுதிக்கொண்டு வாருங்கள்

நூலகங்கள் திறந்த பாடநூல்களுக்கு எப்படி உதவலாம் என்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். உதவுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கெடுப்பது எப்படி என்று நன்றாகத் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் நூலகர் பயிற்சி மலரில் இதைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நான் பெங்களூர் நீலசந்திராக்காரன். முப்பத்தொரு வருடம் அதே ஊரில் ஒரே கல்லூரியின் நூலகத்தில் இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களும் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். அத்தனை வருடத்தில் நூலகத்தின் ஒரு பென்சில்கூட என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அங்கே இருந்த மூத்த நூலகர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். எது வெளியே போனாலும் அதற்கு ஒரு கையெழுத்து இருக்க வேண்டும் என்றார். அவர் மேல் நான் பழி போடவில்லை. அவர் காலத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் இன்னொன்று வருவதற்குள் இரண்டு பேட்ச் மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். காவல் காப்பதில் அர்த்தம் இருந்தது. காவல் காக்கத் தேவையில்லாத ஒன்று வந்தபோதும் நான் அதையே செய்தேன் என்பதுதான் என் கதை.

திறந்த பாடநூல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எங்கோ ஒரு ஆசிரியர் ஒரு பாடநூலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார். நான் சொல்லப் போகிற புத்தகத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. மூல ஆசிரியரின் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றி எழுதிப் பிறருக்குக் கொடுக்கும்போது அதையும் இதே மாதிரி திறந்தே கொடுக்க வேண்டும், யாரும் அதற்குப் பூட்டுப் போடக் கூடாது. இவ்வளவுதான். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இதைப் பற்றி ஒரு பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பி வந்தேன். வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? திறந்த புத்தகங்களின் இணைய முகவரிகளை ஒரு தாளில் அச்சடித்து, கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பூட்டினேன். இரண்டு வரிக்கு ஓடும் முகவரிகளைப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன் நின்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால் திரும்பி வந்து மறுபடி நிற்பார்கள். அடுத்ததாக, நூலகக் கணினியில் அந்தப் புத்தகங்களைப் படிப்பவர்கள் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு திறந்தேன். ஒரு மாணவி, இது எல்லாருக்கும் பொதுவானதுதானே, கையெழுத்து எதற்கு என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை, ஆனாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவருக்காவது மேலே காட்ட வேண்டிய கட்டாயம் உண்டு. என்னிடம் அந்தப் பதிவேட்டை யாரும் கேட்டதில்லை.

அமுதா மேடம் நூலகத்துக்கு வந்தது அந்த நாட்களில்தான். புள்ளியியல் கற்பித்த கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒப்பந்தம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆசிரியர் அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அதனால் வகுப்பு இல்லாத நேரமெல்லாம் எங்கள் வாசிப்பறையில் ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்திருப்பார். ஸ்ரீராம்புரத்தில் வீடு. அப்பா பௌரகார்மிகராக இருந்து தெரு பெருக்கிப் பெண்ணை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்திருந்தார். அதை அவர் மறைத்ததுமில்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டதுமில்லை.

அவருடைய பி.காம். வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் கன்னட மீடியம், தமிழ் மீடியம், உருது மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். பாடநூலின் ஆங்கிலம் அவர்களுக்குக் கல்லாக இருந்தது. எங்களிடம் இருந்ததோ மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து ஆறு பிரதிகள். நான் பயிற்சியில் பார்த்து வைத்திருந்த வெளிநாட்டுத் திறந்த பாடநூல் ஒன்றை அவருக்குக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கணக்கெல்லாம் பனிப்பொழிவு பற்றியும் பேஸ்பால் பற்றியும் இருந்தன.

"எங்க பசங்க பனியையே பாத்ததில்ல சார். எத்தனை இன்ச்சு விழுந்துச்சுன்னு கேட்டா என்னா சொல்லுவாங்க?"

"மாத்திக்கலாம் மேடம். மாத்திக்கத்தான் குடுத்திருக்காங்க."

"யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம்," என்றேன்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலைக்காலத்தில் நான் சொன்ன மிகச் சரியான வாக்கியம் இதுதான்.

ஒன்றரை வருடம் அவர் அந்தப் புத்தகத்தை மாற்றி எழுதினார். பனி போய்விட்டது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நிமிடங்கள் வந்தன. வரமகாலட்சுமி விரத வாரத்தில் மார்க்கெட்டில் பூ விலை ஏறி இறங்குவது வந்தது. கோடையில் தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒரு தடவை தெருவுக்கு வருகிறது என்பது ஒரு முழு அத்தியாயமாக வந்தது. ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைந்தது. கடினமான சொல்லுக்குப் பக்க ஓரத்தில் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு வார்த்தை இருந்தது. உருதுவுக்கு அவர் நீலசந்திராவிலிருந்து வந்த இரண்டு மாணவிகளைத்தான் கேட்டார். அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்வார்கள்.

அவர் வேலை செய்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பார். படித்துக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்பார். கோடு போட்ட இடத்தையெல்லாம் திருத்தி எழுதுவார். மறுபடி அச்செடுப்பார். சராசரி பற்றிய அத்தியாயத்தை நான்கு தடவை எழுதினார். நான்காவது பிரதியில் ஒரு கோடுகூட இல்லாமல் வந்ததை என் மேஜைக்குக் கொண்டு வந்து காட்டினார். சிலர் கோட்டுக்குப் பதிலாக ஓரத்தில் ஏதேனும் எழுதியும் வைப்பார்கள். மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய பிள்ளைகள் வாசிப்பறையில் உட்கார்ந்து தண்ணீர் லாரிக் கணக்கை வைத்துச் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சத்தம் போடாதீர்கள் என்று அதட்டவும் செய்தேன்.

பழைய பிரதிகளை அவர் அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் இருந்த ஒருபக்கத் தாள் தட்டில் போட்டுவிடுவார். எங்கள் நூலகத்தில் எந்தத் தாளையும் ஒரு பக்கத்தோடு எறிவதில்லை. என் உத்தரவு அது. சனிக்கிழமைதோறும் அட்டெண்டர் லட்சுமம்மா அந்தத் தாள்களை நான்காக வெட்டிச் சீட்டுகளாக்கி, புத்தக எண் எழுதிக்கொள்வதற்காகக் கவுண்டரில் வைப்பார். உங்கள் நூலகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அவர் ஏன் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவரிடம் லேப்டாப் இல்லை. எழுதியது முழுக்க நூலகக் கணினியில், கல்லூரி கொடுத்த கணக்கில். ஒருமுறை பென் டிரைவ் கொண்டு வந்தார். கணினிகளில் பென் டிரைவ் செருகும் துளைகளை வைரஸ் பயத்தில் நான் அடைத்து வைத்திருந்தேன். கல்லூரிக் கணக்கிலிருந்து வெளி மின்னஞ்சலுக்குப் பெரிய கோப்புகள் போகாது. புத்தகம் முடிந்ததும் எப்படியும் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றி உலகத்துக்கே திறந்துவிடப் போகிறோம், எங்கே உட்கார்ந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நம்பினார். நானும் நம்பித்தான் சொன்னேன்.

புத்தகம் முடிந்த வாரத்தில் தர ஆய்வுக் குழு வருவதாகத் தேதி வந்தது. அது வருவதற்கு முன் ஒரு கல்லூரி படும் பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், காய்ந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பூத்த தொட்டிகளை வாடகைக்கு வைத்தார்கள். கல்லூரியே தயாரித்த மின்பாடங்கள் என்ற தலைப்பில் எங்களிடம் காட்ட எதுவும் இல்லை. அமுதா மேடத்தின் புத்தகம் மட்டும்தான் இருந்தது.

குழு வருவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் அதைக் களஞ்சியத்தில் ஏற்ற உட்கார்ந்தேன். பிரின்சிபால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. யார் பார்க்கலாம், உரிமை யாருடையது. அவர் கன்னடத்தில் நிதானமாகத்தான் பேசினார். எல்லாருக்கும் திறந்துவிட்டால் நாளைக்கே பக்கத்துக் கல்லூரி எடுத்துக்கொள்ளும், அப்புறம் நம்முடைய தனித்துவம் என்று குழுவிடம் எதைக் காட்டுவது என்றார். கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் என்று போடுங்கள், உரிமை முழுவதும் கல்லூரிக்கு என்று போடுங்கள் என்றார்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சார், இதைப் பூட்ட நமக்கு உரிமையில்லை, எந்தப் புத்தகத்திலிருந்து இது வந்ததோ அந்தப் புத்தகமே அப்படிச் சொல்கிறது என்று. வாய்க்குள் இருந்தது அந்த வாக்கியம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் வேறொரு கல்லூரியில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று அதே வாக்கியத்தைப் பாடமாக எடுத்திருந்தேன், கைதட்டினார்கள். பிரின்சிபால் கெட்டவரில்லை. சொல்லியிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். "ஆகலி சார்," என்று கன்னடத்திலேயே தலையாட்டிவிட்டு, இரண்டு கட்டத்திலும் அவர் சொன்னதைத் தேர்ந்தெடுத்தேன். குழு போனதும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அமுதா மேடத்திடமும் அப்படியே சொன்னேன். இது தற்காலிகம்தான் மேடம் என்றேன். உங்களுக்குத் தெரியாததா சார் என்றார். திரையில் ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் குழு அந்தப் புத்தகத்தை மிகவும் பாராட்டியது. அவர் அதைக் கேட்கவில்லை. கௌரவ விரிவுரையாளர்கள் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது.

குழு போய்விட்டது. நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் வளாகத்துக்குள் மட்டும் என்று போயிருக்கிறதே, யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று மூடிவிடுவேன்.

ஜூன் வந்தது. அமுதா மேடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புள்ளியியல் வகுப்புகளை வணிகவியல் துறையில் நிரந்தரமாக இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே அவருடைய கணக்கு மூடப்பட்டது. புத்தகம் வளாகத்துக்குள் மட்டும் என்பதால், வெளியிலிருந்து அவர் எழுதிய புத்தகத்தை அவரே பார்க்க முடியாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இருந்த புத்தகத்தை, அதை எழுதியவரே படிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை போனில் கூப்பிட்டார். கல்லூரி வாசலில் நிற்கிறேன், அடையாள அட்டை இல்லை என்று செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்றார். போனேன். எதிரே இருந்த டீக்கடையில் நின்று பேசினோம். ராஜாஜிநகர் பக்கம் ஒரு கல்லூரியில் முழுநேர வேலைக்கு நேர்காணலாம், நான்கு நாளில். ஆங்கில மீடியம் படிக்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறார்களாம். இவர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும், கொண்டு வாருங்கள், அதை வைத்தே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் என்றார்களாம். அவரிடம் இருந்தது, எழுதும்போது எப்போதோ எடுத்த முதல் இரண்டு அத்தியாயங்களின் கைப்பேசிப் படங்கள் மட்டும்.

"ஒரு காப்பி மட்டும் குடுத்தீங்கன்னா போதும் சார்."

என் மேஜைக்கும் அந்த டீக்கடைக்கும் நூறடி இருக்காது. களஞ்சியத்தின் நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. என் மேஜைக் கணினியின் துளைகள் மட்டும் அடைக்கப்படாதவை. இரண்டு நிமிட வேலை. உரிமம் எனக்கு மனப்பாடம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. ஓய்வுப் பணம் கைக்கு வர, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றிதழில் பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்துப் பழக்கமும் கூடவே நின்றது. வெளியே போகிற எதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும்.

"ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு வாங்க மேடம். பிரின்சிபாலுக்கு, த்ரூ லைப்ரரியன்னு போட்டு. நான் ரெக்கமெண்ட் பண்ணி அனுப்பறேன்," என்றேன்.

 அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, கடையின் பிஸ்கட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்து அங்கேயே நின்றபடி எழுதினார். நான் வாங்கிப் படித்தேன். நான் எழுதிய புத்தகம் என்று ஒரு இடத்தில் இருந்தது. அது பிரின்சிபாலுக்குப் பிடிக்காது, நான் தொகுத்த என்று மாற்றுங்கள் என்று சொன்னேன். அடித்துத் திருத்தினால் நன்றாயிருக்காது என்றும் சொன்னேன். அவர் வேறு தாளைக் கிழித்து முதலிலிருந்து எழுதினார்.

 

கடிதம் பிரின்சிபால் மேஜைக்குப் போனது. அங்கிருந்து அலுவலகத்துக்கு, அங்கிருந்து நிர்வாகக் குழுவுக்கு. சட்ட ஆலோசனை பெற வேண்டும் என்று ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குள் நேர்காணல் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கைப்பேசிப் படங்களைக் காட்டினாராம், வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். புத்தகம் கையில் இருந்திருந்தாலும் வேலை கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தசரா விடுமுறையில் கல்லூரி, களஞ்சியத்தை நடத்திய மென்பொருள் நிறுவனத்தை மாற்றியது. பழைய சர்வரை நிறுத்தினார்கள். புதியதில் தலைப்புகளின் பட்டியல் மட்டும் வந்து சேர்ந்தது, கோப்புகள் வரவில்லை. பழைய நிறுவனத்துக்கு எழுதினேன். காப்புப்பிரதி ஒப்பந்தத்தில் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. இன்றைக்கும் அந்தக் களஞ்சியத்தில் தேடினால் புத்தகத்தின் பெயர் வரும், அமுதா மேடத்தின் பெயர் வரும், உரிமை முழுவதும் கல்லூரிக்கு என்று வரும். அழுத்தினால் எதுவும் திறக்காது.

நான் ஏன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை? நூலகச் சொத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறவன் இல்லையே நான். டிசம்பரில் எனக்குப் பிரிவு விழா நடத்தினார்கள். சால்வை போட்டார்கள். ஒரு பென்சில்கூட எடுத்துப் போகாத மனிதர் என்று மூன்று பேர் பேசினார்கள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நீங்கள் பட்டியல் போடுவீர்கள், பயிற்சி நடத்துவீர்கள், சுவரொட்டி ஒட்டுவீர்கள், அதெல்லாம் எளிது, நானும் செய்தேன். என்றைக்காவது ஒருநாள் உங்கள் பின்னால் ஒருவர் வந்து நின்று, இந்தக் கட்டத்தில் இதைப் போடு என்பார். அவர் கத்த மாட்டார். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. எழுதியவர் கையில் ஒரு பிரதி கொடுக்காமல் எதையும் உங்கள் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். தற்காலிகமாக என்று எதையும் பூட்டாதீர்கள். இதை நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நானே கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது.

ஓய்வு பெற்ற சில மாதங்களில், அலுவலக மேஜையிலிருந்து கொண்டு வந்த என் சொந்த அகராதி ஒன்றை வீட்டில் திறந்தேன். நடுவில் அடையாளமாக ஒரு சீட்டு இருந்தது. ஒரு பக்கம் ஏதோ புத்தக எண், என் கையெழுத்தில். திருப்பினேன். அச்சடித்த ஒரு தாளின் கால் பகுதி. சிவாஜிநகர் பேருந்துக்கு ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். முதல் ஆள் நான்கு நிமிடம், இரண்டாவது ஆள் பதினொன்று, மூன்றாவது ஆள் என்ற இடத்தில் தாள் வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் கன்னடத்தில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: புரிந்தது மிஸ், அடுத்த பக்கம் எப்போது தருவீர்கள்?

உடனே லட்சுமம்மாவைப் போனில் கூப்பிட்டு, பழைய சீட்டுகள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோச்சே சார், நீங்கள்தானே மிச்சம் வைக்காமல் வெட்டச் சொன்னீர்கள் என்றார். நான்கு தடவை எழுதிய அத்தியாயம், பிள்ளைகள் கோடு போட்ட பக்கங்கள் எல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சீட்டாகி, புத்தக எண் எழுதப்பட்டு, கசங்கிக் குப்பைக்குப் போயிருந்தன. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அமுதா மேடத்தின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. விவேக் நகரில் ஒரு கிளினிக்கில் முன்பதிவு மேஜையில் இருப்பதாகச் சொன்னார். வேலை முடிந்து ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வருவேன் சார், அங்கே பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை, அங்கே இருக்கும் சர்ச்சுக்கு வந்த கூட்டம் சாலையெல்லாம் நிறைந்திருந்தது. மெழுகுவத்திக் கடைகளைத் தாண்டி வந்தார். கழுத்தில் கிளினிக்கின் அட்டை. பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை சார், விட்டுட்டேன் என்றார்.

சீட்டைக் கொடுத்தேன். அச்சை முதலில் படித்தார், பிறகு பென்சில் எழுத்தைப் படித்தார்.  நான் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்துத்தான் வந்திருந்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"மொத நாள், யார்கிட்டயும் கேக்க வேணாம்னு சொன்னீங்க சார். அப்புறம் லெட்டர் குடுக்கச் சொன்னீங்க. நடுவுல ரூல் மாறிடுச்சு போலன்னு நெனச்சேன். மாறிச்சா சார்?"

"இல்ல மேடம்," என்றேன். "மாறல."

"அன்னிக்கு டீக்கடையில நிக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தில் எதுவும் மாறவில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கூட்டத்தின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவருடைய பேருந்து வந்துவிட்டது. சீட்டை அவர் பையில் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மடிக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்கோங்க சார். லைப்ரரி பேப்பர் இல்லையா," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

முப்பத்தொரு வருடத்தில் நூலகத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான். மூன்றாவது ஆள் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று அதில் இல்லை.